ஜன்னலோரக் குப்பி

புதன்கிழமைக்கு இருநூறு ராண்ட்,
ஒரு முட்டை சாண்ட்விச், போக வரப் பேருந்துக் காசு.
இதற்காக நான் நோயாளியாக இருக்கிறேன்,
டர்பனில், மூன்றாம் மாடியில், ஏசி ஓடாத வகுப்பில்.

"ரூபாவதி படையாச்சி, வயது ஐம்பத்திரண்டு."
இதை மட்டும்தான் நானாகச் சொல்லலாம்
என்பது டாக்டர் ஃபூரியின் சட்டம்.
மிச்சத்தை அவர்கள் கேட்டு எடுக்க வேண்டும்.

உள்ளே வந்ததும் கைப்பையைத் திறந்து
மூடியிட்ட சிறு குப்பி ஒன்றை
வெயில் விழும் ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.
பதினெட்டுப் பேர்.
ஒருவரும் அது என்னவென்று கேட்கவில்லை.

எங்கே வலிக்கிறது?
வயிற்றில்.
வயிற்றில் எங்கே?
அதைத்தான் தம்பி, நானும் பதினொரு வருடம் தேடினேன்.
வெளியே அழுத்தினால் பஞ்சு.
உள்ளே யாரோ ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே இருப்பார்கள்.

குடல்வால், என்கிறான் முன்வரிசைப் பையன்.
எடுத்தாயிற்று. நல்ல குடல்வால். ஒரு பாவமும் அறியாதது.
பித்தப்பை?
அதுவும் போயிற்று.
மன அழுத்தமா, என்று மெல்ல ஒரு குரல்.
என் கோப்பில் நான்கு இடத்தில் அப்படித்தான் இருக்கிறது,
நான்கு வேறு வேறு கையெழுத்தில்.

எப்போதெல்லாம் வரும்?
சில புதன்கிழமைகளில் இந்தக் கேள்வி வருவதே இல்லை.
தைப்பூசத்துக்கு வரும், என்றேன்.
சிரித்தார்கள்.
பத்து நாள் விரதம், ஒருவேளைச் சோறு.
ஒன்பதாம் நாள் கால் துவளும், நெஞ்சு படபடக்கும்,
சுவரோரம் இல்லாத ஆட்கள் நடப்பார்கள்.
கோயிலில், அருள் என்று கற்பூரம் காட்டினார்கள்.
ஆஸ்பத்திரியில், நாடகம் என்று திரையை இழுத்தார்கள்.
முருகனுக்கு இதில் பங்கில்லை. எனக்கும் இல்லை.
பட்டினி கிடந்தால் எழுந்து வருகிற ஒன்று
என்னுள் படுத்திருந்தது, அவ்வளவுதான்.

பின்வரிசையில் ஒருத்தி, நொன்லான்லா என்று சட்டையில் பெயர்,
என் புறங்கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
கொப்புளம் காய்ந்த வட்டங்கள்.
அடுப்பா?
வெயில்.
ஏதோ எழுதுகிறாள், அடிக்கிறாள், மறுபடி அதையே எழுதுகிறாள்.
"ஆனால் அது... வெள்ளைக்காரர்களுக்கு வருவதல்லவா?"
டாக்டர் ஃபூரி கூரையைப் பார்க்கிறார்.

அப்படித்தான் எல்லோரும் படித்திருந்தார்கள்.
அதனால்தான் பதினொரு வருடம்.
குடும்ப மரம் வரைந்து பார், என்றேன்.
நான். அம்மா. அம்மாவின் அம்மா.
அவளைப் பெற்றவள், கரும்புத் தோட்டத்தில்
துரை வீட்டுத் துணி துவைத்தவள்.
அவளுக்குப் பக்கத்துக் கட்டத்தில் பெயர் கேட்கிறாள்.
பெயர் யாரும் சொன்னதில்லை.
கட்டத்தைப் போடு, பெண்ணே. காலியாக விடு.
நாங்களும் அப்படித்தான் விட்டிருந்தோம்;
ரத்தம்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

கண்டுபிடித்தது யார் என்று கடைசியில் கேட்டார்கள்.
ஏதோ ஒரு பேராசிரியர் பெயருக்காகப் பேனாக்கள் காத்திருந்தன.
மாசிபியா, என்றேன். வார்டு கூட்டுகிறவள்.
பரிசோதனைக்கு அனுப்ப யாரோ மறந்த என் சிறுநீர்
ஜன்னலில் நாளெல்லாம் வெயில் குடித்து நிற்க,
கொட்டிக் கழுவ எடுத்தவள் கொட்டாமல்
"காலையில் இது இந்த நிறமில்லை" என்று
ஐந்து பேரிடம் சொன்னாள்.
ஆறாவது ஆள் நின்றான்.

அப்போதுதான் பதினெட்டுத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின.
குப்பியில் வெளிறிய மஞ்சள். வேறொன்றுமில்லை.
நாற்பது நிமிடத்தில் நிறம் மாறாது.
அதற்கு நேரம் வேண்டும்;
அவர்களுக்கு இரண்டு மணிக்கு எலும்பு வகுப்பு.
நாற்காலிகள் இழுபட்டன. எனக்கு சாண்ட்விச் வந்தது.
குப்பியை எடுக்காமல் புறப்பட்டேன்.

சந்தையில் கறிவேப்பிலையும் கருவாடும் வாங்கி,
செட்ஸ்வர்த் பேருந்தில் நின்றபடியே போகையில்
கைப்பேசி அதிர்ந்தது. தெரியாத எண்.
டாக்டரிடம் கேட்டு வாங்கியிருப்பாள்.

"மணி நாலரை. பால் விடாத டீ மாதிரி இருக்கிறது.
எலும்பு வகுப்புக்குப் போகவில்லை.
இன்னும் கறுக்குமா, அம்மா?"